தாயம்மா பார்த்த நட்சத்திரம்

ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தைத் தாயம்மா அண்ணிக்குப் படித்துச் சொன்னவன் நான்தான். அது 1934, ஆகஸ்டு மாதம். பகலில் ராயபுரத்தில் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, மாலையில் புளியந்தோப்பில் பௌத்த சங்கத்தார் நடத்திய வாசகசாலையில் இராப்பள்ளி வாத்தியார் என்று எனக்கு அப்போது இரண்டு வேலை. பரசுராமன் என்ற என் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் வாத்தியார்தான்.

அண்ணி கடலைக் குடோனிலிருந்து நேரே வந்திருந்தார். தலைமுடியில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. கடிதத்தை நீட்டி, மகன் எழுத்து மாதிரி இல்லையே, யார் போட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். மகன் குமாரவேல் இரண்டு வருஷமாக ரங்கூன் படகுத்துறையில் மூட்டை சுமக்கிறவன். எழுதியது அவனோடு வேலை செய்கிற ஒருவர். அரிசி மூட்டை ஏற்றும்போது பலகை வழுக்கி, படகுக்கும் கப்பலுக்கும் நடுவே ஆற்றில் விழுந்துவிட்டான், மறுநாள்தான் உடல் கிடைத்தது, நாங்களே அடக்கம் செய்துவிட்டோம் என்று ஆறே வரி.

அண்ணி அழவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, மகன் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"அவருகிட்ட இத்த சொல்லாதீங்க வாத்தியாரே. கண்ண கட்டிப் போட்டுக்கீறாங்க. பத்து நாளைக்கு அயுவக்கூடாது, அசையக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

அவர் புருஷன் ஜெயவேல் அண்ணனுக்கு முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். இருமினால்கூடத் தையல் பிரிந்துவிடும் என்று பயம். நான் சரி என்றேன்.

அண்ணனுடைய கண்ணைப் பற்றிச் சொன்னால்தான் அந்தப் பொய்யின் கனம் புரியும். திருவொற்றியூர் சாலையில் ஒரு எண்ணெய் ஆலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. முப்பது வயதுக்கு மேல் இராப்பள்ளியில் சேர்ந்து தமிழும், அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷும் படித்தவர். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த நட்சத்திரப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதில் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி, இது மற்றவற்றைப் போன்றதல்ல என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி அவரைப் பிடித்துக்கொண்டது.

மார்கழி மாதம் விளக்கு வைக்கிற நேரத்தில் வடக்கே பார்த்து நின்றால் ஐந்து நட்சத்திரங்கள் இங்கிலீஷ் எம் எழுத்துப் போலத் தெரியும். காசியோபியா என்பார்கள். இடது பக்கத்து மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். எழுத்தின் நடுப்பள்ளத்தில் இருப்பதுதான் அண்ணனுடைய நட்சத்திரம். அதன் ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்தால், மற்ற நட்சத்திரங்களில் கறுப்புக் கோடு விழும் இடத்தில் இதில் பளிச்சென்று சிவப்புக் கோடு விழும். எழுபது வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் ஒரு பாதிரியார் முதலில் கண்டது. ஏன் அப்படி என்று வெகு காலம் யாருக்கும் விளங்கவில்லை.

1932-இல் வாசகசாலைக்கு வந்த ஒரு பழைய பத்திரிகைக் கட்டில் அதற்கு விளக்கம் கிடைத்தது. அண்ணனும் நானும் மூன்று மாலை உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். இந்த வகை நட்சத்திரங்கள் பயங்கர வேகத்தில் தம்மைத்தாமே சுற்றுகின்றன. அந்த வேகத்தில் இடுப்புப் பக்கம் பிதுங்கி, அங்கிருந்து ஆவி கழன்று வெளியே போய், நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டையான வளையமாக நிற்கிறது. சிவப்புக் கோடு அந்த வளையத்தின் ஒளி. வளையம் நிலையானதல்ல. சில வருஷம் தடிக்கும், சில வருஷம் கரையும். கார்த்திகைக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு முன்பு வளையம் இருந்தது, முப்பது வருஷமாகக் காணோம் என்றும் போட்டிருந்தது.

அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கழன்று போனது திரும்பி அதுக்கே வந்துவிடுமா என்று அண்ணி கேட்டாராம். வராது, வேறு வளையம் வேண்டுமானால் உண்டாகும் என்றாராம் இவர். தன் நட்சத்திரத்துக்கு வளையம் தடித்து அது மற்ற இரண்டையும் மீறிப் பிரகாசிக்கிற நாளைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு ஆசை அந்த மனிதரிடம் நான் கண்டதில்லை. அது தெரிகிற மாதங்களில் வானம் தெளிந்த ஒவ்வொரு மாலையும் வியாசர்பாடி ரயில் பாதைக்குப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று மூன்றையும் ஒப்பிட்டு, 'சமம்', 'ஒரு பொட்டு கூட', 'ஒரு பொட்டு குறைவு' என்று நோட்டில் குறிப்பார். வளையத்தைப் பற்றித் தெரிவதற்கு வெகு முன்பே தொடங்கிய பழக்கம் அது; மொத்தம் ஏழு வருஷம் குறித்தார்.

1933 கடைசியில் நோட்டில் ஒரு புதுச் சொல் வந்தது: 'மூன்றும் மங்கல்.' ஆகாயத்தில் தூசி என்றார். பிறகு ஆலைப் புகை என்றார். அண்ணிதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் அண்ணன் சொம்பைத் தரையில் வைப்பதாக நினைத்துப் படிக்கு வெளியே வைத்தார். அது உருண்டது.

"நச்சத்திரம் மங்கலயா. ஒங் கண்ணுதான் மங்குது," என்றாராம் அண்ணி.

இருபத்திரண்டு வருஷம் உலையின் வாயைப் பார்த்த கண். ஆபரேஷனுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது அண்ணிதான்.

அந்தப் பத்து நாளும் குடோன் வேலை முடிந்து ராயபுரத்திலிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார் அண்ணி. கண் கட்டோடு படுத்திருந்தவர் தினமும் ஒரே கேள்வி கேட்டார், ரங்கூன் தபால் வந்ததா என்று. மூன்றாம் நாள் அண்ணி, வந்தது, நல்லா இருக்கானாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் நான் போயிருந்தேன். கடிதத்தை எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டுங்கள் வாத்தியாரே என்று அண்ணன் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, மகன் எழுதியதாக நாலு வரி படித்தேன். இங்கே மழை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், நட்சத்திரத்தை நானும் கப்பல் துறையிலிருந்து பார்த்தேன் என்று. மற்றவை மகன் வழக்கமாக எழுதுகிறவை, கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. அண்ணன் சிரித்தார். கட்டுக்குக் கீழே அவர் வாய் மட்டும் சிரித்தது. அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.

கட்டு அவிழ்த்தார்கள். புண் சரியாக ஆறவில்லை. கண் சிவந்து வீங்கி, தணிந்தபோது வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. மற்றக் கண்ணைத் தொட டாக்டர் ஒப்பவில்லை. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. நட்சத்திரம் அறவே இல்லை.

எந்தக் கண்ணுக்காகச் சொல்லாமல் இருந்தாரோ அந்தக் கண் போன பிறகாவது அண்ணி சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டோம். கண் போன துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இடையில் இன்னும் இரண்டு கடிதம் அவர் கேட்டு நான் படித்தேன்.

தை மாதம், குமாரவேலோடு படகுத்துறையில் வேலை செய்த வேலப்பன் என்கிறவர் ரங்கூனிலிருந்து ஊர் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்தவர் அண்ணனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம குமாரவேலுக்கு இப்படி ஆயிடுச்சே நைனா, ஆறு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை என்றார். நான் அப்போது பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் எந்த மாசம் என்று கேட்டார். ஆடி மாசம் என்றார் அவர். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே, தடியை ஊன்றி, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கத்தவில்லை.

"புள்ள செத்து ஆறு மாசம் ஆவுது. நான் அவனுக்குப் பொங்கலுக்கு வேட்டி அனுப்பச் சொன்னேனே. இன்னா பண்ண அத்த?"

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். வேட்டி பெட்டியிலேயே இருக்கிறது என்றார். ஆறு மாசமாகப் பூட்டி வைத்திருந்த அழுகை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாக அழுதார். மகனுக்காக அந்த இரண்டு பேரும் ஒரு நாளும் சேர்ந்து அழவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் மனைவி சொல்வது எதையும் நம்பவில்லை. சண்டை இல்லை, வசவு இல்லை. மழை வருகிறது என்று அண்ணி சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். மணி ஏழு என்றால் பக்கத்து வீட்டு ரஷீதிடம் கேட்பார். ரஷீது ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், நல்ல மனுஷன். சோற்றில் கல் இல்லை என்று அண்ணி சொன்னாலும் அண்ணன் விரலால் துழாவிய பிறகுதான் வாயில் வைப்பார். என்னிடம் மட்டும் பழையபடிதான் பேசினார். அவ சொல்லச் சொன்னா, நீங்க சொன்னீங்க, அவ்ளோதான் என்று ஒரு தரம் சொல்லி முடித்துக்கொண்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. 1936 தீபாவளி கழிந்து நாலாம் நாள், மழை விட்டு வானம் கழுவினாற்போல இருந்த மாலையில் அண்ணி குடோனிலிருந்து வரும் வழியில் ரயில் மேட்டில் நின்று வடக்கே பார்த்திருக்கிறார். ஏழு வருஷம் புருஷனுக்கு லாந்தர் பிடித்தவருக்கு அந்த எழுத்து தெரியாதா? போதாததற்கு, நாளெல்லாம் கடலையைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்துப் பழகிய கண். நேரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நடுவுல கீறது மத்த ரெண்டையும் தூக்கி அடிக்குதுயா. நல்லா வித்தியாசம் தெரியுது."

என் மனசு குளிரணும்னு சொல்றே, வேணாம் என்றார் அண்ணன்.

அண்ணி விடவில்லை. இரண்டு நாள், மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்துவிட்டு வந்து சொன்னார். இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது, போன தரமும் இன்றைக்கும் ஒன்றுதான், மேகம், தெரியவில்லை என்று. நோட்டில் எழுதுங்கள் என்றார். அண்ணன் எழுத ஆள் தேடவில்லை. ஒரு மாலை மட்டும் ரஷீதைக் கூப்பிட்டு, அந்த எம் எழுத்தில் எது பெரிதாகத் தெரிகிறது என்று கேட்டார். ரஷீது வானத்தைப் பார்த்தே பழகாதவர். எந்தப் பக்கம் பார்த்தாரோ, எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது மாமு என்றுவிட்டார். அண்ணன் உள்ளே வந்து படுத்துக்கொண்டார். அண்ணி அன்று இரவு சாப்பிடவில்லை என்று ரஷீதின் மனைவி ஷம்ஷாத் பிறகு என்னிடம் சொன்னாள்.

அண்ணி என்னிடமும் வந்தார். ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று வாசகசாலை வாசலில் நின்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்த ஞாயிறு வேறு வேலை இருந்தது, அடுத்த ஞாயிறு மேகம். உண்மை அதுவல்ல. அண்ணி புருஷனைத் தேற்றுவதற்காக இதையும் கட்டிச் சொல்கிறார் என்றே நானும் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மறுபடி ஒரு பொய்க்குச் சாட்சி நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

மாசி மாதம் அந்த நட்சத்திரக் கூட்டம் அந்தி வெளிச்சத்திலேயே மேற்கே இறங்கத் தொடங்கியது. அண்ணி கடைசியாகப் பார்த்துச் சொன்னது அந்த மாதம் எட்டாம் தேதி. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அதிகம் என்றார். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு ஐந்தே நாள். நாலாம் நாள் சாயங்காலம் அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "ஒரே ஒரு தபாதான்யா நான் பொய் சொன்னேன்," என்றார்.

அண்ணன் கஞ்சி வேண்டுமா என்று கேட்டார். அதுதான் அவர் சொன்ன பதில். மறுநாள் பகலில் அண்ணி போய்விட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள், சீமையிலிருந்து வந்த விஞ்ஞானப் பத்திரிகையை நான் வாசகசாலையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பினேன். காசியோபியாவின் நடு நட்சத்திரம் சென்ற வருஷக் கடைசியிலிருந்து வழக்கத்தை மீறிப் பிரகாசமாகி வந்தது, இந்த வருஷ ஏப்ரல் வாக்கில் உச்சத்தைத் தொட்டது, அதைச் சுற்றியுள்ள ஆவிப்படலத்தில் பெரிய மாறுதல் நடந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

அண்ணன் மாதத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். நோட்டை எடுங்கள் வாத்தியாரே என்றார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தீபாவளி கழிந்து நாலாம் நாள், மற்ற இரண்டையும்விட அதிகம். கார்த்திகை தீபத்தன்று, இன்னும் ஒரு பொட்டு. மார்கழி ஆறு, மேகம். இப்படி இருபத்தேழு நாள். நம்பாமல் கேட்டிருந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குள் தேதியோடு இருந்தது. இங்கிலாந்தில் ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்கிற ஒரு சங்கத்துக்கு அந்தப் பட்டியலை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் திருமதி ஜெ. தாயம்மா என்று போட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் பதில் வந்தது. அன்றன்றே குறிக்காமல் பின்னால் நினைவிலிருந்து எழுதியதால் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாமைக்கு வருந்துகிறோம், ஆனால் பார்த்தவை சரியாகவே இருக்கின்றன, அந்த அம்மையாருக்கு எங்கள் பாராட்டைத் தெரிவிக்கவும் என்றிருந்தது. இந்த முறை உள்ளபடியே படித்தேன்.

அன்று மாலையே அண்ணன் என்னை ரயில் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தோளில் கை வைத்துக்கொண்டு ஏறினார். பேசின் பிரிட்ஜ் பக்கம் எஞ்சின் மாற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வடக்கே எழுத்து முழுதாகத் தெரிந்தது. இப்ப எப்படி இருக்குது என்று கேட்டார். நான் மூன்றையும் நன்றாகப் பார்த்தேன். நடுவிலிருப்பது மறுபடி இறங்கிவிட்டது போலத் தெரிகிறது, மற்ற இரண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன்.

"அப்ப வளையம் கரையுது. சரி வாத்தியாரே, எழுதிக்கங்க," என்றார்.

வேறு யாரையும் கேட்கவில்லை. என் ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"அண்ணே, ஆஸ்பத்திரியில அந்தக் கடிதத்தைப் படிச்சது நான். பின்னால ரெண்டு கடிதம் படிச்சதும் நான். அண்ணி ஒரு தடவை சொன்னாங்க, நான் மூணு தடவை படிச்சேன். என்னை எப்படி நம்புறீங்க?"

அண்ணன் வானத்துப் பக்கம் முகத்தை வைத்தபடியே நின்றார்.

"தெரியும் வாத்தியாரே. ஒங்க மேல கோச்சுக்கினா நீங்க வராம பூடுவீங்க. அவ எங்க போயிடப்போறா, வூட்லதான இருப்பான்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணூர்ப் பக்கம் போகிற சரக்கு வண்டி ஒன்று எங்களைக் கடந்து முடிய நேரம் பிடித்தது. அது போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.